ஒரே ரிஃப்ளெக்டரில் ஏழு பீம்: கெயின் எங்கே போகிறது?

பாயான் லெப்பாஸ்:
வணக்கம். முதுகலை ஆய்வுக்காக, ஒரே ரிஃப்ளெக்டரில் (அலையைத் திருப்பி அனுப்பும் டிஷ்) ஏழு பீம், அதாவது ஏழு தனித்தனிக் கதிர், அனுப்பும் கேஏ பேண்ட் (செயற்கைக்கோள்களின் ஓர் உயர் அலைவரிசைப் பகுதி) மல்டிபீம் ஆன்டெனா ஒன்றை சிமுலேட் செய்கிறேன். புவிநிலைச் செயற்கைக்கோள், 20 கிகாஹெர்ட்ஸ், 2 மீட்டர் ஆஃப்செட் ரிஃப்ளெக்டர், குவியத்தூரமும் 2 மீட்டர். பீமுக்குப் பீம் 0.5 டிகிரி. தரையில் அது ஏறக்குறைய 310 கிலோமீட்டர். ஜார்ஜ் டவுனில் ஒன்று, கோலாலம்பூர் பக்கம் அடுத்தது என்று வையுங்கள். பீம்கள் சரியான இடத்தில்தான் விழுகின்றன. கெயின் (பீம் திசையில் அலையைக் குவிக்கும் அளவு) மட்டும் எதிர்பார்த்ததைவிட 3 டெசிபெல், அதாவது பாதியாக, குறைகிறது; பக்க மடல்களும் (பீமுக்கு வெளியே கசியும் கதிர்) உயரம். சிமுலேஷனின் மெஷ்ஷை (கணக்கிடும் கட்ட வலை) நுணுக்கியும் பார்த்தாயிற்று, அசையவில்லை.

செந்தூல்காரர்:
ரிஃப்ளெக்டர் மேல் அலையைப் பாய்ச்சும் கூம்பு இருக்கிறதே, அந்த ஹார்ன் விட்டம் என்ன?

பாயான் லெப்பாஸ்:
17 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் பக்கத்து ஹார்னில் இடிக்கிறது, அண்ணே.

செந்தூல்காரர்:
அதுதான் விஷயம், தம்பி. அலைநீளமே 15 மில்லிமீட்டர். இவ்வளவு சின்ன ஹார்ன் அலையைக் குவிக்காது. ஹார்னிலிருந்து பார்த்தால் உன் ரிஃப்ளெக்டர் விளிம்பு நடுவிலிருந்து சுமார் 26 டிகிரியில் இருக்கிறது. அங்கே ஹார்னின் வீச்சு நடுவைவிட 3 டெசிபெல்தான் இறங்கியிருக்கும். ஏறக்குறைய பாதி சக்தி விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. வாய் குறுகிய போத்தலில் வாளியால் ஊற்றுகிற கதை. ரிஃப்ளெக்டர் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் படுவதால்தான் பக்க மடலும் ஏறுகிறது.

பக்கத்துப் பீம்கள் ஒன்றோடொன்று மோதாதபடி நான்கு நிறப் பங்கீடுதானே, இரண்டு அலைவரிசை, இரண்டு போலரைசேஷன் (அலை அதிரும் திசை), ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு ‘நிறம்’? அறுகோண அடுக்கில் ஒரே நிறப் பீம்களின் இடைவெளி சரியாக இரண்டு மடங்கு, 1 டிகிரி. நிறத்துக்கு ஒரு ரிஃப்ளெக்டர் என்று நான்காகப் பிரி. ஹார்ன் 35 மில்லிமீட்டர் வரை போகலாம், விளிம்பில் நடுவைவிட இறக்கம் 15 டெசிபெல் பக்கம் வரும். பெரிய கேஏ பேண்ட் செயற்கைக்கோள்களில் நான்கு ரிஃப்ளெக்டர் விரிவதற்குக் காரணம் இதுதான்.

பட்டர்வொர்த் அக்கா:
நான்குக்கு இடமில்லை என்றால்? ஒரு பீமுக்கு ஏழு சின்ன ஹார்ன் சேர்த்து, பக்கத்து பீமோடு அவற்றைப் பகிர்ந்துகொள்ளலாம். அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, இரண்டு ரிஃப்ளெக்டர் போதும். ஆனால் அந்த ஹார்ன்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும், பீம் உருவாக்கும் வலையமைப்பின் எடையும் இழப்பும் தலைவலி. முதுகலைக்கு நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

பாயான் லெப்பாஸ்:
35 மில்லிமீட்டரில் ஒரே ஒரு நிறத்தை ஓட்டினேன். கெயின் ஏறிவிட்டது, மடல்களும் அடங்கின. நன்றி அண்ணே, அக்கா.

செந்தூல்காரர்:
சரி, அப்படியே 30 கிகாஹெர்ட்ஸ் அப்லிங்க்கையும் (தரையிலிருந்து செயற்கைக்கோளுக்குப் போகும் அலை) ஓட்டிப் பார். அதே ரிஃப்ளெக்டரில் பீம் மெலியும். மூன்று பீம் சந்திக்கும் மூலையில் கெயின் நன்றாகவே விழும். அந்த எண்ணை இங்கே போடு.