மீட்டர் கேஜ் நீராவி இன்ஜினைச் சீரமைக்கிறோம்: எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரைக்கு மேற்கே ஒரு பழைய தொழிற்கூட வளாகத்தில் பல ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) நீராவி இன்ஜின் ஒன்றைச் சீரமைக்க, வளாகத்தின் உரிமையாளர்கள் எங்களுக்கு எழுத்து மூலம் அனுமதி தந்திருக்கிறார்கள். நாங்கள் ஒன்பது பேர். இருவர் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள், ஒருவர் வெல்டர், மற்றவர்கள் ரயில் மீது பற்றுள்ள சாதாரண ஆட்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே வேலை செய்ய முடியும்.

இன்ஜின் ஒய்ஜி வகையைச் சேர்ந்தது, டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) தயாரிப்பு. முன்னால் இரண்டு, நடுவில் எட்டு, பின்னால் இரண்டு எனச் சக்கரங்கள் அமைந்த சரக்கு இன்ஜின். எப்போதோ ஒருமுறை அழகுபடுத்துவதாக எண்ணி, துருவைச் சுரண்டாமலே, சக்கரங்களை இணைக்கும் சைடு ராடு உட்பட எல்லாவற்றின் மீதும் அலுமினியப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றும் டெண்டரின் அடித்தகட்டில் விரல் நுழைகிறது. நிலக்கரி கொட்டும் இடத்தில் மண் சேர்ந்து, இடுப்பளவு உயரத்திற்கு ஓர் அரசங்கன்று வளர்ந்திருக்கிறது.

எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது. பாதிப்பேர் இதை மீண்டும் நெருப்பு மூட்டி ஓட்ட வேண்டும் என்கிறார்கள். சிறு வயதில் நீராவி இன்ஜின் இழுத்த வண்டியில் உசிலம்பட்டி வழியாகப் போடிக்குச் சென்ற நினைவு அவர்களை விடவில்லை. மற்றவர்கள், நின்ற இடத்திலேயே கெடாமல் காப்பாற்றினால் போதும் என்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் எதையாவது உருப்படியாகச் செய்துவிட வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே எண்ணமாக இருக்கிறோம். பெயின்டைச் சுரண்டுவதிலிருந்து தொடங்கலாமா? பாய்லர் தேறுமா தேறாதா என்பதை எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

—

பொன்மலை பாய்லர் பிட்டர் எழுதியது:

தம்பி, பெயின்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: புகைபோக்கியை மூடுங்கள். ஒரு தகரத் தொப்பியை வெட்டி, பக்கவாட்டில் காற்றுப் போக இடைவெளி விட்டு, பறவை நுழையாதபடி வலை கட்டிப் பொருத்துங்கள். நின்றுபோன இன்ஜின்களை நான் பார்த்தவரையில், அதிகமாக அழிவது, புகைபோக்கிக்குக் கீழே உள்ள புகை அறையான ஸ்மோக்பாக்ஸின் அடிப்பகுதிதான். கடைசி நாள் ஓடியபோது விழுந்த சாம்பல் அங்கேயே கிடக்கும். நிலக்கரிச் சாம்பலில் கந்தகம் உண்டு. புகைபோக்கி வழியாக இறங்கும் மழைநீர் அதில் ஊறி அமிலமாகி, ஆண்டுக்கணக்கில் இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். முன்கதவைத் திறந்து, அந்தச் சாம்பலை ஒரு பிடிகூட மிச்சமில்லாமல் அள்ளி வெளியே போடுங்கள். அதேபோல் நெருப்பு எரியும் அறையான பயர்பாக்ஸுக்குக் கீழே உள்ள சாம்பல் தட்டையும் துப்புரவாக்குங்கள்.

அடுத்து, உள்ளே காற்று போய்வர வழி செய்யுங்கள். பாய்லரைக் கழுவும் துளைகளை அடைத்திருக்கும் வாஷ்அவுட் பிளக்குகளைக் கழற்றிவிட்டு வலை வையுங்கள். சிலிண்டர் வடிகால் காக்குகளை (திறந்து மூடும் சிறு குழாய்களை) திறந்து விடுங்கள். மூடிய பாய்லரில் இரவுக் குளிருக்கு ஈரம் கோத்து, உள்ளிருந்தே துரு பிடிக்கும். பிளக் திறந்ததும் ஒரு டார்ச்சும் சிறிய கண்ணாடியும் கொண்டு உள்ளே பாருங்கள். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு, சூடான புகை செல்லும் குழாய்களான டியூப்களின் மீது ஓடு போலக் கெட்டியாகப் படிந்திருந்தால் அதை அடித்து உடைக்க வேண்டாம். அப்படியே படம் எடுத்து வையுங்கள்.

பாய்லர் தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உள் பயர்பாக்ஸையும் வெளிக்கூட்டையும் ஸ்டே எனப்படும் நூற்றுக்கணக்கான கம்பிகள் பிணைத்துப் பிடித்திருக்கின்றன. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூத்தவர்கள் சிறிய சுத்தியலால் ஒவ்வொரு ஸ்டேயையும் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல ஸ்டே மணி போல ஒலிக்கும். ஒடிந்தது மண்பானையைத் தட்டியது போல அமுங்கி ஒலிக்கும். அந்த ஒலி காதில் பதிய எனக்கு ஓராண்டு ஆயிற்று. நீங்களும் தட்டிப் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் கட்டம் கட்டமாக அளக்க வேண்டும். அதிலும் பயர்பாக்ஸின் அடிச்சட்டத்தை ஒட்டிய பகுதியையும், டியூப் தகட்டையும், உறைத்தகட்டுக்குள் மறைந்திருக்கும் பாய்லர் அடிவயிற்றையும் விடாமல் அளக்க வேண்டும்.

நெருப்பு மூட்டுவதைப் பற்றி ஆசையுள்ளவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஒய்ஜி பாய்லரின் வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில், கொதித்து ஆவியாக வழியின்றி அடங்கி நிற்கிறது. ஓரிடத்தில் தகடு கிழிந்தால் தண்ணீரின் ஒரு பகுதி அந்த நொடியே ஆவியாக வெடிக்கும். ஆகவே டியூப்களையெல்லாம் கழற்றி மாற்றி, தண்ணீர்ச் சோதனை, நீராவிச் சோதனை இரண்டிலும் தேறி, தகுதியுள்ள பாய்லர் ஆய்வாளர் கையெழுத்திடும் வரை, ஒரு கூடை விறகுகூட அதில் எரியக் கூடாது. சும்மா புகை வருவதைப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னாலும் இணங்காதீர்கள்.

—

கூடல் ரயில் ஆர்வலர் எழுதியது:

ஐயா சொன்னதோடு இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: ஓட்டுவதென்றால் எங்கே ஓட்டுவது? 1875ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த ரயில் மீட்டர் கேஜில்தான் வந்தது. இன்று நம்மைச் சுற்றி அந்தப் பாதை ஓர் அடிகூட மிச்சமில்லை. கடைசியாக மீந்திருந்த போடிப் பாதையும் 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டு, அகலப்பாதையாகி, 2022இல் தேனி வரையும் 2023இல் போடி வரையும் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இப்போது மீட்டர் கேஜ் உள்ள ஒரே இடம் நீலகிரி மலை ரயில். அங்கே கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு 1 அடி என்ற அளவில் ஏற்றம் இருப்பதால், பல்சக்கரம் பொருத்திய எக்ஸ் வகை இன்ஜின்தான் ஏற முடியும். ஒய்ஜி அங்கே ஒன்றும் செய்ய இயலாது.

எனவே நீங்கள் ஓட்ட விரும்பினாலும், வளாகத்துக்குள் சொந்தமாகத் தண்டவாளம் போட்டுச் சில நூறு அடி முன்னும் பின்னும் போவதுதான் எல்லை. அதற்காகப் பாய்லருக்குச் செலவாகும் பணத்தில் இன்ஜினுக்கு மேலே ஒரு நல்ல கூரை போட்டுவிடலாம் என்பது என் கருத்து. கூரை இல்லாமல் செய்யும் எந்த வேலையும் மூன்று மழைக்காலத்துக்கு மேல் நிற்பதை நான் பார்த்ததில்லை.

—

பழம்பொருள் பாதுகாப்பு எழுதியது:

மேலே யாரும் குறிப்பிடாத ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கால இன்ஜின்களில் பாய்லர் கூட்டுக்கும் வெளி உறைத்தகட்டுக்கும் நடுவே, வெப்பம் வீணாகாமலிருக்கக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பூசியிருப்பார்கள். உறைத்தகட்டைக் கழற்றும்போது வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ நார் நாராக ஏதாவது தெரிந்தால், உடனே வேலையை நிறுத்தி, அந்த இடத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள். ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துச் சோதித்த பிறகு, அதை அகற்றப் பயிற்சி பெற்றவர்களை அழைப்பதே முறை. கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துக்கூட நோயாக வெளிப்படும். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சமாளிக்கலாம் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

பழைய பெயின்டிலும் ஈயம் இருக்கலாம். கிரைண்டர் வைத்து உலர்வாகத் தேய்க்காமல், தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுங்கள். வேலை உடையை வீட்டுக்கு அணிந்து செல்லாதீர்கள், பிள்ளைகள் இருக்கும் வீடானால் இதில் இரு மடங்கு கவனம் வேண்டும். சுரண்டுவதற்கு முன் கேபின் பக்கச்சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஓரிடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, நீர் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே வந்தால், மர வளையம் போல ஒவ்வொரு நிற அடுக்கும் தெரியும். எண்ணும் எழுத்தும் எந்த இடத்தில், எந்த அளவில் இருந்தன என்பது அலுமினியப் பூச்சுக்கு அடியில் இன்னும் இருக்கக்கூடும். அதை அழித்துவிட்டால் திரும்பப் பெற முடியாது.

சைடு ராடு, கிராஸ்ஹெட் போன்ற அசையும் பாகங்களில் வெறும் இரும்பு பளபளக்க வேண்டும். அங்கே பெயின்டை நீக்கியபின் கிரீஸ் பூசினால் போதும். அவற்றில் இன்ஜின் எண் குத்தப்பட்டிருக்கும். பணிமனையில் ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் மாட்டுவது வழக்கம் என்பதால், அந்த எண்களைக் குறித்து வைத்தால் உங்கள் இன்ஜினின் வாழ்க்கை வரலாறே கிடைக்கும்.

—

வைகைக்கரை எழுதியது:

பதில் தந்த மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்துவிட்டன. புகைபோக்கிக்குத் தொப்பி மாட்டிவிட்டோம். ஸ்மோக்பாக்ஸ் கதவின் கைப்பிடியில் மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து மூன்று நாள் ஊறவிட்ட பிறகே அது அசைந்தது. ஐயா சொன்னபடியே உள்ளே சாம்பல், கருப்பட்டிப் பாகு போல ஈரமாகக் கெட்டிப்பட்டிருந்தது. பதினோரு சாக்கு அள்ளினோம். சுத்தம் செய்தபின் அடித்தகட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஓர் ஓட்டையும், அதைச் சுற்றிச் சுத்தியல் பட்டால் உதிரும் தகடும் தெரிந்தன. அதை நேரில் பார்த்தபின், ஓட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்த நண்பரே நெருப்புப் பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூரைக்கான மதிப்பீட்டை இந்த வாரம் வாங்குகிறோம். பயர்பாக்ஸுக்கு மேலே உறைத்தகட்டின் விளிம்பில் வெள்ளை நார் தெரிந்ததால், அந்தப் பகுதியை மூடிக் கயிறு கட்டி, யாரும் அருகே போகாதபடி வைத்திருக்கிறோம்.

இன்னொரு செய்தி. வலப்பக்கச் சைடு ராடுகளில் பெயின்டை நீக்கியதும் எல்லாவற்றிலும் கேபினில் உள்ள அதே எண் தெரிந்தது. பிஸ்டனின் இயக்கத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் இடப்பக்கத்து மெயின் ராடில் மட்டும் வேறோர் எண் ஆழமாகக் குத்தப்பட்டு, அதன்மேல் உளியால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் நம் இன்ஜின் எண்ணைக் குத்தியிருக்கிறார்கள். அடிக்கப்பட்ட எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் தெளிவாக இல்லை. சுண்ணாம்புப் பொடி தடவிப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தை அடுத்த பதிவில் இடுகிறேன்; பொன்மலை ஐயா அதைப் பார்த்துப் படித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.