1912 ஃப்ளூக்போஸ்ட் அட்டை: பறந்ததா, ரயிலில் போனதா?

கேள்வி

வணக்கம். இதுவரை இந்திய அஞ்சல்தலைகளை மட்டுமே சேர்த்துவந்த நான், அண்மையில் முதல் உலகப் போருக்கு முந்தைய ஜெர்மன் வான்வழி அஞ்சலட்டைகளின் பக்கம் திரும்பியிருக்கிறேன். விற்பனையாளர் ஒருவர் இரண்டு அட்டைகளின் படங்களை அனுப்பியிருக்கிறார். முதலாவது அட்டையில் ஹெஸ்ஸன் என்ற ஜெர்மன் நாட்டுப்பகுதியை ஆண்ட கிராண்ட் டியூக்கின் மனைவி எலியனோரும் அவருடைய இரு மகன்களும் இருக்கும் புகைப்படம் உள்ளது. மறுபக்கத்தில் 5 பெனிக் (100 பெனிக் ஒரு மார்க்) ஜெர்மானியா தலையும் (அக்காலத்தின் வழக்கமான ஜெர்மன் அஞ்சல்தலை), அதன் அருகே 10 பெனிக் ‘ஃப்ளூக்போஸ்ட் அம் ரைன் உண்ட் அம் மைன்’ (ரைன், மைன் ஆற்றங்கரை வான்வழி அஞ்சல்) தலையும் ஒட்டப்பட்டு, இரண்டின்மீதும் டார்ம்ஸ்டாட், 12.6.12 என்ற முத்திரை விழுந்திருக்கிறது. இரண்டாவது அட்டையில் ஓர் ஊருக்கு மேலே செப்பலின் என்ற வான்கப்பல் மிதக்கும் வண்ணப்படம். 5 பெனிக் தலை ஒன்று. ஸ்டுட்கார்ட் நகரின் சாதாரண முத்திரை, தேதி 9.8.08. ஆனால் இரண்டாவதற்குத்தான் மூன்று மடங்கு விலை சொல்கிறார். அது வான்கப்பலிலேயே பறந்து வந்ததாம். எதை வாங்கலாம் என்று பெரியவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

இரண்டாவதைத் தொடாதீர்கள். செப்பலின் எல்.இசட். 4 ஸ்டுட்கார்ட்டுக்கு அருகிலுள்ள எக்டர்டிங்கனில் 1908 ஆகஸ்ட் 5 அன்று தரையிறங்கி நின்றிருந்தபோது, பிற்பகலில் வீசிய காற்றில் கட்டறுந்து எரிந்து சாம்பலானது. அந்த விபத்தைக் கேட்ட ஜெர்மானியர்கள் தாங்களாகவே 60 லட்சம் மார்க்குக்கு மேல் நன்கொடை குவித்தார்கள்; அதே வேகத்தில் செப்பலின் படம் போட்ட அட்டைகளும் கடைகளில் குவிந்தன. உங்கள் அட்டையின் முத்திரை அதற்கு நான்கு நாள் பிந்தியது. படத்தில் இருப்பது வான்கப்பலாக இருக்கலாம். அட்டை போனது ரயிலில்தான்.

முதலாவது வேறு வகை. 1912 ஜூன் 10 அன்று தொடங்கிய அந்த ஃப்ளூக்போஸ்ட் அஞ்சல், தாய்சேய் நலப் பணிக்கு நிதி திரட்டுவதற்காக கிராண்ட் டியூக் குடும்பத்தின் ஆதரவில் நடந்தது. டார்ம்ஸ்டாட், ஃப்ராங்க்ஃபர்ட், மைன்ஸ், வோர்ம்ஸ், ஓஃபன்பாக் ஆகிய ஊர்களைச் சுற்றி ‘ஷ்வாபன்’ வான்கப்பலும், ஆகஸ்ட் ஆய்லர் என்பவர் கட்டிய ‘கெல்பர் ஹுண்ட்’ (மஞ்சள் நாய்!) என்ற இரட்டை இறக்கை விமானமும் அஞ்சலைச் சுமந்தன, விமானத்தை ஓட்டியவர் லெஃப்டினன்ட் ஃபெர்டினான்ட் ஃபான் ஹிடெஸ்ஸன். ஃப்ளூக்போஸ்ட் தலை வான்வழிக்கான கூடுதல் கட்டணம் மட்டுமே என்பதால், வழக்கமான அஞ்சல் கட்டணத்துக்கு ஜெர்மானியா தலையும் கட்டாயம் இருக்க வேண்டும்; உங்கள் அட்டையில் இருக்கிறது, நல்லது. அடுத்து, முத்திரையின் வட்டத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கோடு தலையின் விளிம்பில் அறுந்துபோகாமல், பல் இடுக்குகளைத் தாண்டி அட்டையின்மேல் தொடர்ந்து ஓட வேண்டும். விளிம்பிலேயே நின்றுவிட்டால், அந்தத் தலை பிறகு ஒட்டப்பட்டது என்று பொருள். எழுதியவர் தேதி போட்டிருந்தால் அதுவும் முத்திரையோடு ஒத்துப்போக வேண்டும். கையெழுத்து குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் எழுத்துமுறையில் இருந்தால் படிப்பதற்குக் கொஞ்சம் பொறுமை தேவைப்படும்.

இவ்வகை அட்டைகள் ஏராளமாக விற்கப்பட்டவை. ஆகவே, ‘அரிது’ என்று சொல்லி விலை ஏற்றினால் பேரம் பேசத் தயங்காதீர்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: வான்கப்பலுக்குள்ளேயே குத்தப்பட்ட முத்திரைகளும் அந்தக் காலத்தில் உண்டு, ‘விக்டோரியா லுயிஸ’, ‘ஹன்ஸா’, ‘ஸாக்ஸன்’ என்று கப்பலின் பெயரோடே அவை வரும். பல ஆண்டுகளுக்கு முன் ஷ்வாபன் கப்பலின் முத்திரை குத்திய அட்டை ஒன்றை ஆசையோடு வாங்கினேன். தேதி 1912 ஜூலை 3. வீட்டுக்கு வந்து ஆல்பத்தில் செருகும்போதுதான் உறைத்தது, ஷ்வாபன் ஜூன் 28 அன்றே டூஸல்டார்ஃபில் தீப்பிடித்து அழிந்துவிட்டதே என்று. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்த அட்டையை இன்னமும் வைத்திருக்கிறேன், புதியவர்களுக்குக் காட்டுவதற்காக.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. முத்திரையை உருப்பெருக்கிப் படமெடுத்து அனுப்பக் கேட்டிருக்கிறேன். இதற்கிடையில் அவர் ‘கெல்பர் ஹுண்ட்’ என்று மேலச்சிட்ட 1 மார்க் தலையோடு இன்னோர் அட்டையும் இருப்பதாகச் சொல்கிறார். அது எப்படி?

மறுமொழி 1

அதில் அவசரம் வேண்டாம். அது 10 பெனிக் தலையின்மேல் விமானத்தின் பெயரையும் புதிய விலையையும் அச்சிட்டது. அடிப்படைத் தலை மலிவு, மேலச்சிட்டது விலை அதிகம் என்பதால் போலிகளுக்குப் பஞ்சமில்லை. சாய்வாக விளக்கொளி படும்படி பிடித்து, முத்திரை மையும் மேலச்சு மையும் குறுக்கிடும் இடத்தைப் பாருங்கள்: மேலச்சு, முத்திரையின்மேல் ஏறி நின்றால் கதை முடிந்தது. ‘ஹுண்ட்’ (Hund) என்பதன் கடைசி எழுத்தான d, a போல விழுந்து ‘ஹுனா’ (Huna) ஆகிவிட்ட அச்சுப் பிழையும் உண்டு. அது பிழை என்பதற்காகவே இன்னும் அதிக விலை போகும். இந்தத் தலை இருக்கும் அட்டையை, ஜெர்மன் அஞ்சல்தலைப் பரிசோதகர் சங்கமான பி.பி.பி. உறுப்பினர் ஒருவரின் சான்றிதழ் இல்லாமல் நான் வாங்க மாட்டேன். சான்றிதழ்ச் செலவை விற்பவர் ஏற்பாரா என்று கேளுங்கள், பல நேரம் அந்தக் கேள்விக்கு வரும் பதிலே விடையைச் சொல்லிவிடும்.

மறுமொழி 3

சிறு குறிப்பு. புற ஊதா விளக்கு ஒன்று கையில் இருந்தால் உதவும். 1912ஆம் ஆண்டுக் காகிதம் அந்த ஒளியில் மங்கலாகத்தான் தெரியும். பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், வெண்மையூட்டும் ரசாயனம் சேர்த்த பிற்காலத் தாள் அது. வாங்கிய பிறகு பி.வி.சி. உறையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். பாலியெஸ்டர் உறையே நல்லது. நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் பழுப்புப் புள்ளிகள் விழுவதைத் தடுக்க, ஆல்பத்தைப் படுக்கப்போடாமல் நிறுத்தி வைத்து, அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளையும் போட்டுவையுங்கள்.