காட்ஸில்லா பொம்மையில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அனுபவங்களைச் சொல்லுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். டோக்கியோவுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் நகானோ பிராட்வே வணிக வளாகத்தில், பழைய பொம்மைகள் விற்கும் மாண்டராகே கடைக்குப் போனேன். பண்டாய் பொம்மை நிறுவனத்தின் எஸ்.எச். மான்ஸ்டர்ஆர்ட்ஸ் வரிசையில் வந்த ஷின் காட்ஸில்லா கண்ணாடி அலமாரிக்குள் நின்றது. 2016 படத்தின் உருவம். பெட்டியின் ஓரம் நசுங்கியிருந்ததால் விலையைக் குறைத்திருந்தார்கள். வாங்கிவிட்டேன்.

வீட்டில் மேஜைமேல் வைத்ததும் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு சாண் உயரம்கூட இல்லை. மேலிருந்து பார்த்தால் கறுத்த ஓணான். அப்புறம் தரையில் உட்கார்ந்து, அதன் பாதமும் என் கண்ணும் ஒரே மட்டத்தில் வரும்படி பார்த்தேன். படத்தில் அதற்கு 118.5 மீட்டர் உயரம். அந்த உயரம் அப்போதுதான் உடம்பில் உறைத்தது. தொடைகள் இரண்டும் கோபுரத்தின் அடித்தளம் மாதிரி அகன்று நிற்கின்றன. தலை எங்கோ உச்சியில் சிறுத்துத் தெரிகிறது.

கனம் தெரிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 1954இல் வந்த முதல் படத்தில் ஹருவோ நகாஜிமா சுமார் 100 கிலோ எடையுள்ள உடைக்குள் புகுந்து நடித்தார். சிறப்புக் காட்சி இயக்குநர் எய்ஜி சுபுராயாவின் குழு கேமராவின் வேகத்தைக் கூட்டிப் படம்பிடித்து, வழக்கமான வேகத்தில் ஓட்டியதால் திரையில் அசைவு மெதுவானது, ஆள் மலையானான். பொம்மை செதுக்குகிறவருக்கு அசைவு என்ற வசதியே கிடையாது. இடுப்பு எங்கே தாழ்கிறது, சதை எப்படிப் பாதத்தின்மேல் இறங்குகிறது, வால் எந்த இடத்தில் தரையைத் தொடுகிறது, இவ்வளவுதான் அவர் கையில் இருக்கிறது.

ஷின் காட்ஸில்லா முழுக்கக் கணினியில் உருவானது. ஆனால் அதற்கு முன்னால் தகாயுகி தகேயா கையால் செதுக்கிய மாதிரி உருவம் ஒன்று இருந்தது. இந்தப் பொம்மையின் தோலில் அந்தக் கை தெரிகிறது. சிவப்பு நிறம் கறுப்பின் மேலே பூசியதாகத் தெரியவில்லை, வெடிப்புகளுக்குள்ளே கனல்கிறது. மலிவான பொம்மைகளில் அதே சிவப்பைக் கோலம் போட்டது மாதிரி வரைந்திருப்பார்கள். டோக்கியோவின் ஹிபியாவில் 2018இல் வைத்த, பீடத்தோடு 3 மீட்டர் உயரமுள்ள ஷின் காட்ஸில்லா சிலைக்கு முன்னால் இதைக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தேன். கழுத்து வளைவு மட்டும் கொஞ்சம் விறைப்பு. மற்றதெல்லாம் அருமை.

ஒரு குறை உண்டு. வாலில் நிறைய மூட்டுகள். படத்தில் போலத் தூக்கி நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் தொய்ந்துவிடுகிறது. யாராவது சரி செய்திருக்கிறீர்களா?

—

அண்ணா, நான் சென்னையில் இருக்கிறேன். நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கு உதவும். 2014 அமெரிக்கப் படத்தின் காட்ஸில்லா என்று ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். 12 இன்ச் என்று போட்டிருந்தது. வந்த பிறகுதான் புரிந்தது, அது தலையிலிருந்து வால் நுனி வரை அளந்த கணக்கு. உயரம் அதில் பாதிதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பெட்டியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி. முதுகுத் தகடுகளின் முனைகள் உருகிய மெழுகுபோல மழுங்கியிருந்தன. இடது கால் குட்டை, நிற்கவே இல்லை. உள்ளங்காலில், வாலடியில் எங்கேயும் காட்ஸில்லாவின் உரிமை வைத்திருக்கும் தோஹோ பட நிறுவனத்தின் முத்திரை இல்லை. போலி. இப்போதெல்லாம் அடிப்பாகத்தின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்காமல் நான் பணம் கட்டுவதில்லை.

—

எனக்கு மூட்டுகள் நிறைந்த பொம்மைகள்மேல் அவ்வளவு ஆசை இல்லை. ஜப்பானியர்கள் சோஃபுபி என்று சொல்லும் மென் வினைல் பொம்மைகளைத்தான் சேர்க்கிறேன். 1966இல் மாருசான் என்ற பொம்மை நிறுவனம் தொடங்கி வைத்த வகை. உள்ளே வெற்றிடம், தோள், தொடை, வால் மட்டும் திரும்பும். மூட்டு குறைவாக இருப்பதால் தோல் எங்கும் அறுபடாமல் ஓடுகிறது. நீங்கள் சொன்ன கனம் இதில்தான் எனக்குக் கிடைக்கிறது.

நிறத்தையும் பாருங்கள். 1954 காட்ஸில்லா பச்சை இல்லை, கரிச் சாம்பல் நிறம். அந்தத் தோலின் முரடு, அணுகுண்டுக்குத் தப்பியவர்களின் தழும்புகளை நினைவூட்டுவது. பளபளப்பான பச்சையைப் பூசிவிட்டால் அந்தத் துயரம் போய்விடுகிறது.

சென்னைத் தம்பிக்கு: குட்டையான காலுக்கு வழியில்லை. ஆனால் வளைந்து போன மென் வினைல் காலாக இருந்தால் வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி, நேராக்கிப் பிடித்து உடனே குளிர்ந்த நீரில் விடுங்கள். 2023இல் வந்த ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ படத்தின் என் பொம்மை மே மாத வெயிலில் முன்பக்கம் சாய்ந்துவிட்டது. இப்படித்தான் நிமிர்த்தினேன்.

—

எல்லோருக்கும் நன்றி. வாலுக்கு வழி கிடைத்தது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷை ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு விட்டு, ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, காயும்வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஞாயிறு மதியம் முழுக்கப் போனது. நேற்று இரவு வாலைத் தூக்கி வைத்தேன். காலையிலும் அப்படியே நின்றது.