குளோபல் ஸ்டேட்டுக்கு கான்டெக்ஸ்ட் போதாதா?

லாஸ்பேட்டை ரவி:
புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையனிடம் நேற்று இங்கே ஒருவர், "குளோபல் ஸ்டேட் வேண்டுமா, முதலில் ரிடக்ஸ் படி" என்று சொல்லியிருக்கிறார். படித்ததும் எரிச்சலாக வந்தது. ரியாக்ட் லைப்ரரியில் கட்டும் வெப் பக்கத்தின் பல பகுதிகளுக்கும் பொதுவான தகவல்தானே குளோபல் ஸ்டேட், அதற்கு ரிடக்ஸ் என்று இன்னொரு லைப்ரரி எதற்கு? 2018-ல் ரியாக்ட் 16.3-லேயே அந்தத் தகவலை எல்லாப் பகுதிக்கும் கொண்டுபோகிற புது கான்டெக்ஸ்ட் வந்துவிட்டது. அடுத்த வருடம் அதைச் சுலபமாகப் படிக்க யூஸ்கான்டெக்ஸ்ட் மாதிரியான ஹூக்ஸும் வந்தது. ரிடக்ஸை எழுதியவர்களில் ஒருவரான டான் அப்ரமோவே, எல்லாருக்கும் அது தேவைப்படாது என்று 2016-ல் எழுதிவிட்டார். இன்னும் எதற்கு ரிடக்ஸின் ஆக்‌ஷன், ரிட்யூசர் என்று பிள்ளைகளை வதைக்கிறீர்கள்?

மஞ்சக்குப்பம் செந்தில்:
சொன்னது நான்தான். பெயரைப் போட்டே எழுதலாம். கான்டெக்ஸ்டின் மதிப்பு மாறினால் அதைப் படிக்கிற அத்தனை காம்பொனன்டும் (பக்கத்தின் துண்டுகள்) மறுபடி ரெண்டர் ஆகும், அதாவது ரியாக்ட் அவற்றைத் திரும்பக் கணக்கிடும். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை ரவி:
தேவையில்லாத ரெண்டரைத் தவிர்க்கிற மெமோ போட்டால் தீர்ந்தது.

மஞ்சக்குப்பம் செந்தில்:
தீராது. உள்ளே யூஸ்கான்டெக்ஸ்ட் இருந்தால் வெளியே மெமோ சுற்றியும் பயனில்லை. பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கடைக்குச் செய்த ஆர்டர் பக்கத்தில் நான் பட்ட பாடு இது. 140 சரக்கு, ஒவ்வோர் அட்டையிலும் எத்தனை கிலோ என்று ஒரு கட்டம். கடைக்காரர் தன் பழைய போனில் 250 என்று தட்டுகிறார். 2 தெரிகிறது. மூச்சு விட்டு முடித்த பிறகு 50 வந்து விழுகிறது. "போன் போயிடுச்சாப்பா?" என்று என்னிடம் நீட்டினார். கூடை மொத்தமும் ஒரே கான்டெக்ஸ்டில் கிடந்தது, ஓர் எண்ணைத் தட்டினால் 140 அட்டையும் ரெண்டர். ரிடக்ஸுக்கு மாற்றி, யூஸ்செலக்டரில் ஒவ்வோர் அட்டையும் தன் அளவை மட்டும் படிக்கிற மாதிரி செய்தேன். தட்டின அட்டை மட்டும்தான் அப்புறம் அசைந்தது. அந்த கான்டெக்ஸ்டை எழுதிவிட்டுப் போனது யார் என்று ரவிக்கு நன்றாகத் தெரியும்.

நெல்லிக்குப்பம் கவிதா:
அண்ணா, இரண்டு பேரும் குளோபல் ஸ்டேட் என்று எதைச் சொல்கிறீர்கள்? சரக்குப் பட்டியல் சர்வருடையது, அதற்கு சர்வர் தகவலை எடுத்து வைக்கிற டான்ஸ்டாக் குவெரி போதும். தட்டிக்கொண்டிருக்கிற எண்ணை அந்த அட்டைக்குள்ளேயே இருக்கிற யூஸ்ஸ்டேட்டில் வைத்துக்கொண்டு, ‘சேர்’ பட்டனை அழுத்தும்போது கூடைக்கு அனுப்பலாமே?

லாஸ்பேட்டை ரவி:
செந்தில், ஒன்று கேட்கிறேன். ரிடக்ஸ் எல்லாத் தகவலையும் வைக்கிற ஸ்டோரே ரியாக்டுக்குள் கான்டெக்ஸ்ட் வழியாகத்தான் போகிறது. நீங்கள் கும்பிடுகிற சாமியே என் வீட்டு வாசல் வழியாகத்தான் வருகிறது.

மஞ்சக்குப்பம் செந்தில்:
ஸ்டோர் என்கிற பொருள் மட்டும்தான் போகிறது, அது மாறவே மாறாது. உள்ளே இருக்கிற மதிப்பை ஒவ்வொரு காம்பொனன்டும் தனியாக சப்ஸ்கிரைப் செய்து, மாறினால் சேதி வாங்கிக்கொள்கிறது. இரண்டையும் இணைக்கிற ரியாக்ட்-ரிடக்ஸ் 6-ல் மதிப்பையே கான்டெக்ஸ்டில் அனுப்பிப் பார்த்தார்கள். வேகம் அடிபட்டது. 2019-ல் 7-ஆம் பதிப்பில் பழையபடி சப்ஸ்கிரிப்ஷனுக்கே திரும்பினார்கள். எழுதியவர்களே சூடுபட்டுத் திரும்பிய வழி அது.

லாஸ்பேட்டை ரவி:
எப்படியோ, கான்டெக்ஸ்ட் வழியாகத்தான் போகிறது. ஒத்துக்கொள்ளுங்கள்.

ஓ.டி. பாஸ்கர்:
பாண்டியில் நாலு கூட்டத்தில் மைக் பிடித்தவர்களுக்குக் கடலூர்க்காரன் சொன்னால் ஏறாது, செந்தில். விடு.

லாஸ்பேட்டை ரவி:
ஊரை ஏன் இழுக்கிறீர்கள்? நான் பிறந்ததே திருப்பாதிரிப்புலியூரில்தான்.

நெல்லிக்குப்பம் கவிதா:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மஞ்சக்குப்பம் செந்தில்:
கவிதா, கடைக்காரருக்கு மொத்த விலை தட்டத் தட்ட மாற வேண்டும், அதனால் யூஸ்ஸ்டேட் ஆகாது. ரவி, வழி எதுவாக இருந்தால் என்ன? 140 அட்டை ரெண்டர் ஆகுமா, ஆகாதா? மூன்றாவது தடவை கேட்கிறேன்.

லாஸ்பேட்டை ரவி:
கான்டெக்ஸ்டை இரண்டாகப் பிரித்தால் ஆகாது.

மஞ்சக்குப்பம் செந்தில்:
140 அட்டையும் கூடையைத்தான் படிக்கின்றன. இரண்டாகப் பிரித்தாலும் கூடை ஒரு பக்கம்தானே இருக்கும்? நாலாவது தடவை. நீங்கள் பாதியில் விட்டுப் போன வேலைக்கு ஒரு குறிப்புகூட எழுதி வைக்கவில்லை. இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்தது நான்.

லாஸ்பேட்டை ரவி:
மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்தவனுக்குக் குறிப்பு வேறு எழுத வேண்டுமா? அந்த கமிட்டில் (கோடு மாற்றப் பதிவில்) என் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மஞ்சக்குப்பம் செந்தில்:
பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். ஐந்தாவது தடவை கேட்கிறேன்: ரெண்டர் ஆகுமா, ஆகாதா?