குட்டி கடிப்பதை எப்படி நிறுத்துவது? பழக்கியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் ரங்கூனில் இருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு முன் தெருவில் குட்டி போட்ட நாய் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனது. ஐந்து வாரக் குட்டி ஒன்றை எடுத்து வந்தோம். பெயர் மணி.

பகலில் சமத்து. சாயங்காலம் ஆனால் போதும், வெறி பிடித்த மாதிரி ஓடி, கண்ணில் படும் லுங்கி ஓரத்தையெல்லாம் கவ்வி இழுக்கிறான். நேற்று அம்மாவின் கணுக்காலில் ரத்தம் வந்துவிட்டது. பால்பல் ஒவ்வொன்றும் ஊசி முனை. உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, டாக்டரிடமும் காட்டிவிட்டோம். மணிக்குத் தடுப்பூசியும் போட்டாயிற்று.

எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் கூடப்பிறந்ததுகளோடு விளையாடித்தான் கற்றுக்கொள்ளும். பாவம், இவனுக்கு அது கிடைக்கவில்லை. கடித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு நான் எழுந்து போய்விடுவேன். என்னிடம் இப்போது குறைந்திருக்கிறது. ஆனால் என் ஆறு வயதுப் பையன் கத்திக்கொண்டு ஓடுவான், மணி அதை விளையாட்டென்று துரத்துவான். மூக்கில் ஒன்று போடு என்கிறார்கள் பக்கத்து வீட்டில். அடித்தால் கையைக் கண்டாலே பயப்படுவான், எனக்கு மனம் வரவில்லை.

பல் விழுந்து முளைத்து முடிய ஆறு ஏழு மாத வயதாகும். அதுவரை கடிக்க என்ன கொடுக்கலாம்? ஈரத்துணியை முறுக்கி ஐஸ்பெட்டியில் வைத்துக் கொடுக்கிறேன். கரண்ட் போனால் அதுவும் இல்லை. மழையில் வெளியே கூட்டிப்போகவும் வழியில்லை. அப்புறம், பையனை எப்படிப் பழக்குவது? அம்மா சாயங்காலம் முழுக்க நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தே உட்கார்ந்திருக்கிறார்.