மாடி அக்வாபோனிக்ஸ்: காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது, பாலக்கீரை வெளுக்கிறது

மாடிக்கீரை (கேள்வி):

மதுரை, மொட்டைமாடி. மீன் தொட்டித் தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் அமைப்பு. 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. 200 லிட்டர் நீல டிரம் இரண்டை நீளவாக்கில் அறுத்து நாலு செடிப்படுக்கை, உள்ளே முக்கால் இஞ்ச் ஜல்லி. மணிக்கு 1500 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும் மோட்டார், தண்ணீர் ஏறும் உயரம் 1.2 மீட்டர். படுக்கைக்கு ஒரு பெல் சைஃபன் (படுக்கை நிரம்பியதும் தண்ணீரைத் தானாக இழுத்து வடிக்கும் குழாய், மேலே மணி மாதிரி மூடி), நடுக்குழாய் 25 மி.மீ. ஜிலேபி மீன் (திலாப்பியா) குஞ்சு 60, ஒவ்வொன்றும் 50 கிராம். தீவனம் தினம் 90 கிராம். போர்வெல் தண்ணீர். ஓட ஆரம்பித்து 3 வாரம்.

டெஸ்ட் கிட் காட்டுவது: பிஎச் 8.2, அம்மோனியா 2 பிபிஎம், நைட்ரைட் 1, நைட்ரேட் 5க்குக் கீழே. தண்ணீர் 30 டிகிரி.

காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது. சைஃபன் தானாக இழுக்காமல் குழாய் வழியே சும்மா வழிந்துகொண்டிருக்கிறது. பாலக்கீரையில் புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

நீரும்வேரும்:

முதலில் மீன். இன்றே தீவனத்தை நிறுத்துங்கள். நாலு நாள் பட்டினி கிடந்தால் ஜிலேபிக்கு ஒன்றும் ஆகாது. போடும் ஒவ்வொரு பிடித் தீவனமும்தான் அம்மோனியாவாக மாறிக்கொண்டிருக்கிறது.

அம்மோனியா 2 என்பதைவிட, அது பிஎச் 8.2இல் இருப்பதுதான் ஆபத்து. 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவத்தில் இருக்காது. 8.2இல் நூற்றுக்கு 11 பங்கு அப்படி இருக்கும். செவுளை அரிப்பது அந்தப் பங்குதான். நைட்ரைட் வேறு வகையில் கெடுக்கிறது. ரத்தத்தில் புகுந்து ஆக்சிஜனைச் சுமக்க விடாது. அதனால் காற்று போதுமான அளவு இருந்தாலும் மீன் திணறும்.

இன்று 150 லிட்டர் மாற்றுங்கள், நாளை மறுநாள் மறுபடி 150. முதல் மாற்றம் முடிந்ததும் கல்லுப்பு அரைக் கிலோவை வாளித் தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றவும். உப்பின் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கும். லிட்டருக்கு ஒரு கிராம் அளவைக் கீரை தாங்கும். பீன்ஸ் வைத்திருந்தால் அது வாடும். ஏர் பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும், கரண்ட் போனாலும். அதை மட்டுமாவது இன்வெர்ட்டரில் மாட்டிவிடுங்கள்.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர் ஜல்லியில் குடியேறி முழுமையாக வேலை செய்ய 4 முதல் 6 வாரம் ஆகும். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத, நன்றாக ஓடும் மீன்தொட்டி இருந்தால் அதன் ஃபில்டர் பஞ்சை வாங்கிவந்து படுக்கையில் பிழியுங்கள், காத்திருப்பு குறையும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0.5க்குக் கீழே வந்தபின் தினம் 20 கிராமில் தொடங்கலாம்.

குழாய்க்காரன்:

சைஃபனில் பழுது இல்லை, தண்ணீர்தான் போதவில்லை. பெட்டியில் போட்ட 1500 லிட்டர், ஏற்றும் உயரமே இல்லாதபோது கிடைப்பது. 1.2 மீட்டர் ஏற்றினால் சிறிய மோட்டார்களில் பாதிதான் வரும். அதை நாலாகப் பிரித்தால் படுக்கைக்கு நிமிடத்துக்கு 3 லிட்டர். 25 மி.மீ. குழாய் அந்த அளவில் நிரம்பாது, ஓரமாக வழிந்தே போகும். 10 லிட்டர் வாளி வைத்து அளந்து பாருங்கள். சைஃபன்தான் வேண்டும் என்றால் படுக்கைக்கு 5, 6 லிட்டர் வரும்படி பெரிய மோட்டார் போட்டு, நடுக்குழாய் உச்சியில் 40க்கு 25 ரெட்யூசரை அகன்ற வாய் மேலே இருக்கும்படி புனல் மாதிரி வையுங்கள்.

நான் சொல்வது, மணி மூடியையே கழற்றிவிடுங்கள். நடுக்குழாயின் அடியில் 5 மி.மீ. ஓட்டை ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் படுக்கை நிரம்பாது. டைமரில் 20 நிமிடம் ஓட்டம், 40 நிமிடம் ஓய்வு. ஜல்லியின் மேல் 5 செ.மீ. எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாசி பிடித்துத் தண்டு அழுகும். நாலும் நிறையும்போது தொட்டியில் ஏறக்குறைய 140 லிட்டர் குறையும். அந்த மட்டத்திலும் மோட்டார் மூழ்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

இலைநரம்பு:

புது இலையில் தொடங்கும் மஞ்சள் இரும்புக் குறை. தழைச்சத்துக் குறை என்றால் அடி இலை முதலில் வெளுக்கும். உரக்கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) தருவார்கள், வாங்காதீர்கள். பிஎச் 8இல் அது துருவாகப் படிந்துவிடும், வேருக்கு எட்டாது. ஈடிடிஏ செலேட்டும் (செலேட் என்பது இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் சேர்மம்) இந்த பிஎச்சில் நிற்காது. ஈடிடிஹெச்ஏ செலேட் என்று கேளுங்கள். 6 சதவீதம் இரும்புள்ள பொடி 17 கிராம் உங்கள் 500 லிட்டருக்கு. தண்ணீர் சிவப்பாகும், பயப்பட வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். மீன் தேறிய பிறகு போடுங்கள்.

எலுமிச்சை, வினிகர் ஊற்றி பிஎச்சை இறக்க வேண்டாம். போர்வெல் தண்ணீரின் பைகார்பனேட் மறுநாளே பழைய இடத்துக்கு இழுத்துவிடும், அந்த ஏற்ற இறக்கம் மீனுக்குத்தான் கேடு. ஆவியாவதை ஈடுகட்ட மழைநீர் ஊற்றுங்கள். நுண்ணுயிர் வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகி பிஎச் தானே இறங்கும். 6.5ஐத் தொட்டால் நீற்றிய சுண்ணாம்பை அரை டீஸ்பூன் கரைத்துப் படுக்கையில் ஊற்றி, மறுநாள் அளந்து பார்க்கவும். ஜல்லியில் சில கற்களை வினிகரில் போட்டும் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், அது இருக்கும்வரை பிஎச் இறங்காது.

மாடிக்கீரை:

தீவனம் நிறுத்தி, தண்ணீர் மாற்றி, உப்புப் போட்டாயிற்று. கல் நுரைக்கவில்லை. 60 மீனையும் வைத்துக்கொள்ள இன்னும் இரண்டு படுக்கை சேர்த்தால் போதுமா?

நீரும்வேரும்:

போதாது. தொட்டி எத்தனை மீனைக் கொள்ளும் என்று பார்க்காதீர்கள், படுக்கை எவ்வளவு தீவனத்தைச் செரிக்கும் என்று கணக்கிடுங்கள். கீரைக்குச் சதுர மீட்டருக்குத் தினம் 40 முதல் 50 கிராம். உங்கள் நாலு படுக்கையும் சேர்ந்து 1.9 சதுர மீட்டர், அதாவது 90 கிராம்தான் உச்சம், அதுவும் நுண்ணுயிர் முழுதாக வளர்ந்த பிறகு. 60 மீன் 300 கிராம் வளர்ந்தால் 18 கிலோ. உடல் எடையில் ஒன்றரை சதவீதம் போட்டாலே 270 கிராம். ஆறு படுக்கை அதில் பாதியைத்தான் தாங்கும். 20 மீன் வையுங்கள். மீதியை வளர்ப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள், கண்மாயில் விடவே கூடாது.

படுக்கை சேர்க்கும் முன் மாடியையும் யோசியுங்கள். ஜல்லியும் தண்ணீருமாக ஒரு அரை டிரம் 170 கிலோவுக்கு மேல். ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். நிறைந்த தொட்டி அரை டன், அதையும் தளத்தின் நடுவில் வைத்திருந்தால் காலி செய்து, கீழே சுவரோ பீமோ இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள்.