மூன்று நிமிட ஆட்டத்தில் புலி, ஒன்றரை மணி நேர ஆட்டத்தில் பூனை: ஸ்டாஃபோர்டை விடலாமா?

கறுப்புக்குதிரை:
ஏழெட்டு மாதமாகச் சதுரங்கத்தில் கறுப்புக் காய்களோடு ஸ்டாஃபோர்டு கேம்பிட்தான் (தாக்குதலுக்காக ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுக்கும் ஆட்டமுறை) ஆடுகிறேன். இ4 இ5, குதிரை எஃப்3, குதிரை எஃப்6 (எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பெயர்; காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய் நகர்வு). எதிராளி இ5 சிப்பாயை வெட்டுவார், நான் குதிரை சி6. குதிரைகள் வெட்டுப்பட்ட பிறகு எனக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் வழியெல்லாம் திறந்திருக்கும். டி3 ஆடிவிட்டு, என் பிஷப் சி5-க்கு வந்ததும் பிஷப் ஜி5 என்று குதிரையைக் கட்டுகிறவர்கள் ஏராளம் (குதிரை நகர்ந்தால் பின்னால் இருக்கும் என் ராணி போய்விடும்). குதிரையால் இ4-ஐ வெட்டுவேன். ஆசையாக ராணியை எடுப்பார்கள். பிஷப் எஃப்2 செக், ராஜா இ2, பிஷப் ஜி4 மேட், ராஜாவுக்குத் தப்ப வழியே இல்லை!

போன வாரம் ஒரு போட்டியில் 90 நிமிட ஆட்டம். எதிராளி பிஷப் இ2 ஆடினார், நான் எச்5. பத்து நிமிடம் யோசித்து சி3 ஆடினார். சரி என்று குதிரையை ஜி4-க்கு அனுப்பினேன். டி4 தள்ளினார். ராணியை எச்4-க்குக் கொண்டுபோனேன், ஜி3 என்று விரட்டினார். அப்புறம் தாக்க எதுவும் இல்லை, கொடுத்த சிப்பாயும் இல்லை. இதை விட்டுவிடலாமா?

பழையபலகை:
தம்பி, வினோதமான ஓப்பனிங் (தொடக்க ஆட்டமுறை) வேறு, பொறி வேறு. 1980-இல் சுவீடனின் ஸ்காராவில் நடந்த ஐரோப்பிய அணிப் போட்டியில், அப்போதைய உலகச் சாம்பியன் கார்போவின் இ4-க்கு இங்கிலாந்தின் டோனி மைல்ஸ் ஏ6 ஆடினார். அடுத்தது பி5. பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் ஒரு சிப்பாயைக்கூட அவர் தானம் செய்யவில்லை. பிஷப் பி7-க்குப் போனது, இ6, சி5 என்று ஒழுங்காகவே ஆடி ஜெயித்தார். எதிராளி தப்பே செய்யாவிட்டால் உங்களுக்கு ஆட என்ன மிச்சம் இருக்கும்? ஸ்டாஃபோர்டில் ஒன்றும் இல்லை.

சும்மாஆடுபவன்:
விட வேண்டாம், மூன்று நிமிட ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராஜாவைத் துரத்தும் கண் இதில்தான் வரும். நீண்ட ஆட்டத்தில் டி4, சி4 ஆடுபவர்களிடம் புடாபெஸ்ட் என்ற கேம்பிட்டைப் போட்டுப் பாருங்கள்: முதலில் குதிரை எஃப்6, இரண்டாவது நகர்வில் இ5, அவர் வெட்டினால் குதிரை ஜி4. சிப்பாய் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். பொறியும் உண்டு. பிஷப் எஃப்4, குதிரை சி6, குதிரை எஃப்3, பிஷப் பி4 செக், பி1 குதிரை டி2, ராணி இ7, ஏ3. இங்கே பிஷப்பைக் காப்பாற்றாமல் ஜி4 குதிரையால் இ5-ஐ வெட்டுங்கள். அவர் பிஷப்பை எடுத்தால் குதிரை டி3 மேட். இ2 சிப்பாயால் வெட்ட முடியாது, நேர் எதிரே உங்கள் ராணி.

பழையபலகை:
இதை ஒத்துக்கொள்கிறேன். பொறியில் விழாவிட்டாலும் ஆட்டம் இருக்கிறது.

கறுப்புக்குதிரை:
நேற்று புடாபெஸ்ட் ஆடினேன். ஏ3 வரை அச்சு அசலாக வந்தது. குதிரையால் வெட்டிவிட்டு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டேன். இருபது நிமிடம் பார்த்தார், பிஷப்பைத் தொடவில்லை. குதிரையால் இ5-ஐ வெட்டினார். 50 நகர்வு தாண்டி டிரா. சிப்பாய்க் கணக்கு கடைசி வரை சமம்.